முதுகு வலியா? மூலமா? அபூர்வப் புற்று நோயா?

முதுகு வலிக்காத உழைப்பாளி உண்டா? கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்குகிறவர்களைக் கேளுங்கள். கல்வராயன் மலையில் சாமை அறுக்கிறவர்களைக் கேளுங்கள். "உழைத்தால் வலிக்கத்தான் செய்யும்" என்பார்கள். தைலம் தேய்ப்பார்கள். மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

பெரும்பாலோருக்கு அதுவே போதும். மிகச் சிலருக்குப் போதாது.

கருவில் இருந்த கயிறு

தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது முதலில் முதுகெலும்பு இருப்பதில்லை. அந்த இடத்தில் கயிறு போல ஒரு தண்டு இருக்கும். அதன் பெயர் முதுகுநாண். அதைச் சுற்றி எலும்பு வளர்ந்ததும் கயிறு மறைந்துவிடும். ஆனால் அதன் துணுக்குகள் சில தங்கிவிடுவது உண்டு. பல ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவருக்கு அந்தத் துணுக்கு கட்டியாக வளர்கிறது. இதுதான் 'கார்டோமா' என்ற புற்று நோய்.

பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் இது வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதியில் 13 லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள். அப்படியானால் இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது தொற்று நோய் அல்ல. செய்வினையும் அல்ல.

ஏமாற்றும் வலி

வால் எலும்புக்கு மேலே உள்ள எலும்பில் இது அதிகம் வருகிறது. மெதுவாக வளரும். உட்கார்ந்தால் வலிக்கும். இரவில் படுத்தாலும் வலி விடாது. மலம் கழிக்கச் சிரமம், சிறுநீர்த் தடை, கால் மரத்துப் போவது எல்லாம் பிறகு வரும். மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு!

சாதாரண எக்ஸ்ரேயில் இது தப்பிவிடலாம். டாக்டர் ஆசன வாயில் விரல் விட்டுப் பார்த்தால் கட்டி தட்டுப்படலாம். வெட்கப்பட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பிறகு எம்.ஆர்.ஐ. படம். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயும் உண்டு. ஆகவே ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

இங்கேதான் அவசரம் கூடாது. பிறகு ஆபரேஷன் செய்யப் போகும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே சதையை எடுக்கவேண்டும். ஊசி போன வழியில் நோய் பரவக்கூடும். ஆகவே கட்டியோடு அந்த வழியையும் சேர்த்து எடுப்பார்கள். கட்டி உடையாமல் முழுதாக வந்தால் பல ஆண்டுகள் வாழ வழி உண்டு. உடைந்தால் திரும்பி வரும் அபாயம் அதிகம்.

நோயாளியிடம் சொல்லலாமா?

சோதனை முடிவு வரச் சில நாள் ஆகும். அபூர்வ நோய் என்பதால் இன்னொரு நிபுணரும் பார்ப்பார். வெள்ளிமலையிலிருந்து வந்தவருக்கு அந்த நாட்கள் யுகமாக இருக்கும். ஊரில் மாடு கிடக்கிறது, பயிர் கிடக்கிறது.

முடிவு தெரிந்ததும் வீட்டார் மறைக்கப் பார்ப்பார்கள். அன்பினால்தான். ஆனால் இந்த ஆபரேஷனில் மலம், சிறுநீருக்கான நரம்புகளையே வெட்ட நேரலாம். அதற்குச் சம்மதிக்க வேண்டியவர் அவர் அல்லவா? மகன் சம்மதித்தால் போதுமா? மெதுவாக, டாக்டர் வாயாலேயே சொல்லச் சொல்வது நல்லது.

எங்கே போவது?

மலையிலிருந்து இறங்கினால் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே காட்டி, மேலே அனுப்பச் சீட்டு வாங்கலாம். சென்னை அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி 1954-ல் தொடங்கியது. தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி அது.

ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் வைத்தியமும் தேவைப்படலாம். புரோட்டான் கதிர் வைத்தியம் 2019-ல் சென்னைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வந்தது. செலவு மிக அதிகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று முதலிலேயே ஆஸ்பத்திரிக் காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள்.

புறப்படும்போது முதல் எக்ஸ்ரேயிலிருந்து எல்லாப் படங்களையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சதை எடுத்திருந்தால், அந்தக் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.