மூங்கிலும் பசுமைச் சான்றும்

தாவர நூலார் கணக்கில் மூங்கில் புல்லினம். ஆயினும் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதனை மரமென்றே எண்ணிற்று. தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி வெளியூர் கொண்டு செல்லவும் பல மாநிலங்களில் குடியானவன் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தது. 2017-இல் வந்த திருத்தம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அத்தளையினின்று விடுவித்தது. ஆனால் அதே மூங்கில் பசுமைக் கட்டடம் ஒன்றினுள் புகும்போது வேறொரு சீட்டுக் கேட்கப்படுகிறது. அதனைப் பற்றியே இங்கே சொல்லப் புகுந்தோம்.

பசுமைச் சான்று என்பது புள்ளிக் கணக்கு. நீர், மின்சாரம், கட்டுமானப் பொருள் ஆகியவற்றில் காட்டும் சிக்கனத்துக்கும் கவனத்துக்கும் புள்ளிகள் உண்டு. நம் நாட்டிலே கிரிஹா என்னும் முறை வழங்குகிறது. 2001-இல் தோன்றிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் முறைகளும் உள்ளன. அமெரிக்காவில் பிறந்த லீட் முறையையும் இங்குப் பலர் பின்பற்றுகின்றனர்.

மூங்கில், வைக்கோற் பலகை போன்றவற்றைப் பயன்படுத்தினாலே புள்ளி கிடைத்துவிடும் என்று நேயர்களுள் பலர் நினைக்கலாம். லீட் முறையின் முந்தைய பதிப்புகளில் அது பெரும்பாலும் உண்மையே. பத்தாண்டுக்குள் வளர்ந்து அறுவடையாகும் தாவரப் பொருள்கள், பொருட்செலவு முழுவதிலும் 2.5 விழுக்காடு இருந்தால் ஒரு புள்ளி உண்டு. மூன்று முதல் ஐந்தாண்டுகளில் முற்றும் மூங்கிலுக்கு இது எளிய தேர்வு. ஆனால் காட்டை அழித்து அவ்விடத்தில் பயிரிட்டதும் விரைவாகத்தானே வளரும்? இந்த ஐயம் நியாயமானது.

2013-இல் வெளிவந்த நான்காம் பதிப்பு கேள்வியையே மாற்றிற்று. மரத்துக்கு எஃப்.எஸ்.சி. என்னும் வனச் சான்று வேண்டும். பிற தாவரப் பொருளாயின், விளைந்த நிலம் நிலைத்த வேளாண்மை நியதிகளுக்கு இணங்கியிருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனையும் உண்டு. அச்சோதனை சுவையானது. அண்மையில் வாழ்ந்த தாவரத்தில் கார்பன்-14 இருக்கும். அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவது. ஆகவே, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த பெட்ரோலியத்தில் அது எஞ்சுவதில்லை. மூங்கிற் கீற்றுகளை ஒட்டிய பசை பெட்ரோலியத்திலிருந்து வந்ததாயின், அதன் பங்கைப் பலகையின் பெயர் சொல்லாது, கார்பன் சொல்லிவிடும்.

இம்முறையில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அதன் பாரம் எளியவர் தோளில் விழுகிறது. அஸ்ஸாமிலோ திரிபுராவிலோ வீட்டுக் கொல்லையில் சில புதர்கள் வைத்திருப்பவரிடம் தாள் ஏது? அவர் மூங்கில் குற்றமற்றது. எனினும் கணக்கில் ஏறாது. சிறு வளர்ப்பாளர் பலர் கூடி ஒரே சான்று பெறும் வழி எஃப்.எஸ்.சி. முறையில் உண்டு. கட்டடக் கலைஞர் பொருளுக்கு ஆணை கொடுக்கும் முன்பே இத்தாள்களைக் கேட்டு, அவற்றின் செலவிலும் கட்டடம் எழுப்புவோரைப் பங்கேற்கச் செய்தல் வேண்டும். பலகையைச் சுவரில் பதித்த பின்னர், அது எந்தக் கொல்லையில் வெட்டப்பட்டது என்று தேடுவது வீண் வேலை.