எர்த் கம்பி இல்லாத பழைய வீடு: மூன்று துளை பிளக் பாயின்ட் மாட்டலாமா?

அமெரிக்காவில் 1960-களுக்கு முன் கட்டிய பல வீடுகளில் பிளக் பாயின்ட்டுக்கு இரண்டே துளைதான். ஃபேஸ், நியூட்ரல் உண்டு, எர்த் கிடையாது. ‘பாயின்ட்டை மட்டும் மாத்திட்டா போதாதா?’ என்று கேட்பவர்கள் அதிகம்.

போதாது. அந்நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பில் 406.4 பிரிவு அதை ஏற்பதில்லை. ஆனால், ‘ஜிஎஃப்சிஐ’ பாதுகாப்போடு மாட்ட அனுமதிக்கிறது.

எர்த் இல்லாமல் அது எப்படி வேலை செய்யும்?

நம்மூர் ஆர்சிசிபி போலத்தான். ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று மட்டுமே பார்க்கும். சுமார் 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, யாருடைய உடல் வழியாகவோ கசிகிறது என்று கருதி, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

அப்போ எர்த் வந்துடுச்சா?

இல்லை. உயிருக்குத்தான் காவல். அதனால்தான் ‘எர்த் இணைப்பு இல்லை’ என்ற ஸ்டிக்கரை ஒட்டச் சொல்கிறது விதி.

செய்யவே கூடாதது எது?

நியூட்ரலையும் எர்த் முனையையும் பாயின்ட்டுக்குள் துண்டுக் கம்பியால் இணைப்பது. செருகிப் பார்க்கும் டெஸ்டர் ‘எல்லாம் சரி’ என்றே காட்டும். நியூட்ரல் அறுந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் உலோக உடம்பிலேயே மின்சாரம் நிற்கும்.

எப்படிச் சோதிப்பது?

செருகும் டெஸ்டரின் பொத்தான் எர்த் வழியாகக் கசிவை உண்டாக்குவது. எர்த் இல்லாத இடத்தில் ஜிஎஃப்சிஐ நன்றாக இருந்தாலும் விழாது. சாதனத்திலேயே இருக்கும் ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நிற்கவில்லையா? உடனே மாற்றுங்கள்.