சம்பளத் துண்டில் தெரியாத வரி

வரி என்றதும் எங்கள் கண் சம்பளத் துண்டுக்குத்தான் போகும். ஓவர்டைம் செய்த கிழமையில் இவ்வளவையும் வெட்டிப்போட்டாங்களே என்று மனம் புழுங்கும். அந்த வெட்டு கன்பராவில் உள்ள மத்திய அரசுக்குப் போவது. இன்னொரு வரி இருக்கிறது. அது எங்கள் துண்டில் ஒருநாளும் தெரியாது. ஆனால் இன்னும் ஓர் ஆளை வேலைக்கு எடுப்பதா விடுவதா என்று கொம்பனி யோசிக்கும்போது அதுவும் கணக்கில் வந்துவிடும். அதுதான் மாநில அரசு அறவிடும் பேரோல் ரக்ஸ், அதாவது சம்பளப் பட்டியல் வரி.

செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போய்வரும் நாங்கள் தேநீர் இடைவேளையில் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு. "இங்கே வரி கூட, கொம்பனி குயின்ஸ்லாந்துக்குப் போகப் போகுதாம்." புதிதாக வந்து, வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இந்த ஒரு சம்பளத்தையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது வயிற்றைக் கலக்கும் கதை. ஆகவே இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று நாங்களே அறிந்து வைத்திருப்பது நல்லது.

மாநிலத்தின் கையில் உள்ளவை

ஊரில் பெரிய வரிகள் எல்லாம் கொழும்புக்குத்தான். இங்கே மாநிலங்களுக்கும் வரி போடும் அதிகாரம் உண்டு. ஆனால் கொழுத்த வரிகள் அவற்றின் கையில் இல்லை. வருமான வரியை 1942இல், யுத்த காலத்தில், மத்திய அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. பொருட்களின் மீது தீர்வை போட அரசியலமைப்பு மாநிலங்களை விடாது. புகையிலை விற்பவர்களிடம் லைசென்ஸ் கட்டணம் என்ற பெயரில் நியூ சவுத் வேல்ஸ் வாங்கியதையும் 1997இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2000 ஜூலையில் வந்த 10 வீத ஜி.எஸ்.ரி.யை மத்திய அரசு வாங்கி மாநிலங்களுக்குப் பங்கிடுகிறது.

மாநிலத்தின் சொந்த வரிகளில் மிகப் பெரியவை இரண்டு. ஒன்று பேரோல் ரக்ஸ். மற்றது வீடு காணி வாங்கும்போது கட்டும் முத்திரை வரி. பேரோல் ரக்ஸை 1941இல் பிள்ளைகளுக்கான கொடுப்பனவுக்குப் பணம் தேட மத்திய அரசு தொடங்கி, 1971இல் மாநிலங்களிடம் கொடுத்தது.

கணக்கைப் பார்ப்போம்

2025 ஜூலையில் இருந்த விதிப்படி, நியூ சவுத் வேல்ஸில் ஒரு கொம்பனி வருடத்துக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் முதல் 12 இலட்சம் டொலருக்கு இந்த வரி இல்லை. அதற்கு மேல் 5.45 வீதம். சுப்பர் பணமும் சேர்த்து ஆளுக்கு 60,000 டொலர் என்று வைத்தால், 20 பேர் உள்ள இடத்துக்கு வரியே இல்லை. 21ஆவது ஆளை எடுத்தால் வருடத்துக்கு 3,270 டொலர் கட்ட வேண்டும். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். சந்தையில் விற்ற லாபத்துக்குக் காசு வாங்குவது ஒன்று. கொண்டுவந்த கடகத்துக்குக் காசு வாங்குவது இன்னொன்று. இது இரண்டாவது ரகம். அதனால்தான் இது வேலைவாய்ப்பின் மேல் விழும் வரி என்று பலர் குறைசொல்கிறார்கள்.

இனிக் குயின்ஸ்லாந்துக் கதைக்கு வருவோம். 40 பேர், மொத்தச் சம்பளம் 24 இலட்சம் டொலர் என்று எடுத்துக்கொள்வோம். இங்கே வரி 65,400 டொலர். அதே கொம்பனி பிரிஸ்பேனில் இருந்தால் சுமார் 59,700 டொலர். வித்தியாசம் 6,000 டொலருக்கும் குறைவு. மெஷின்களைக் கழற்றி ஏற்றி அங்கே பூட்டி, பழகிய ஆட்களையும் இழந்து, புது ஆட்களைப் பழக்கும் செலவுக்கு இது எந்த மூலைக்கு? அதுமட்டுமல்ல, மொத்தச் சம்பளம் 104 இலட்சத்தைத் தொட்டால் குயின்ஸ்லாந்தின் விலக்குத் தொகை முற்றாக மறைந்துவிடும். அப்போது இங்கேதான் சற்று மலிவு! கொம்பனிகள் இடம் மாறுவது உண்மை. ஆனால் காணி வாடகை, மின்சாரம், வாடிக்கையாளர் இருக்கும் இடம் என்று வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். பேரோல் ரக்ஸ் ஒன்றையே காட்டி எங்களைப் பயமுறுத்தினால் நம்பத் தேவையில்லை.

வரியைப் பார்த்து ஆட்கள் இடம் மாறியதும் உண்டு. 1977இல் குயின்ஸ்லாந்து, இறந்தவரின் சொத்துக்கான வரியை ஒழித்தது. வயதானவர்கள் பலர் பணத்தோடு கோல்ட் கோஸ்ட் பக்கம் போகத் தொடங்கினார்கள். மற்ற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வரியைக் கைவிட்டன. பென்ஷன்காரர் பெட்டியோடு போகலாம். தொழிற்சாலை அப்படிப் போக முடியாது.

குறைத்தால் வளருமா?

வரியைக் குறைத்தால் நாடு தானாக வளரும் என்பாருக்கு எங்கள் பிறந்த நாடே பதில். இலங்கையில் 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். வேறு வரிகளையும் குறைத்தார்கள். அரசின் வருமானம் விழுந்தது. கொரோனாவும் பழைய கடனும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்றதைத் தொலைபேசியில் கேட்டு நாங்கள் துடித்தோம். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது.

இங்கே மாநில வரியில்தான் அரசுப் பள்ளிக்கூடங்களும், வெஸ்ட்மீட், பிளக்டவுன் ஆஸ்பத்திரிகளும், ரயிலும் ஓடுகின்றன. படித்த பிள்ளையும் சுகமான தொழிலாளியும் இல்லாமல் எந்தத் தொழிற்சாலை வளரும்? எவ்வளவு வரி என்பதோடு, எதன் மேல் வரி, அதை என்ன செய்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

முத்திரை வரியைப் பாருங்கள். 10 இலட்சம் டொலர் வீட்டுக்குச் சாதாரணமாக 40,000 டொலர் அளவில் வரும். வேலை ஓர் இடம், வீடு ஓர் இடம் என்று அல்லாடுபவர் வேலைக்குக் கிட்ட மாற நினைத்தாலும் இந்தத் தொகை காலைக் கட்டிவிடும். கன்பரா இருக்கும் ஏ.சி.ரி. 2012இல் தொடங்கி 20 வருடத்தில் இதை ஒழித்து, காணிக்கு வருடாந்த வரி வாங்கும் முறைக்கு மாறி வருகிறது. நியூ சவுத் வேல்ஸில் 2023 ஜூலை முதல், முதல் வீடு வாங்குவோருக்கு 8 இலட்சம் வரை முழு விலக்கும் 10 இலட்சம் வரை சலுகையும் வந்தன. வாங்குபவர்களில் ஒருவராவது பிரஜையாக அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவராக இருக்க வேண்டும். தற்காலிக விசாவில் உள்ள எம்மவர் கையெழுத்து வைக்குமுன் சட்டத்தரணியிடம் கேட்பது அவசியம். அவர்கள்மேல் மேலதிக வரியும் விழக்கூடும்.

ஏ.பி.என். எடுக்கச் சொன்னால்

எங்களை நேரே சுடும் விடயம் இதுதான். "வரி கூடிப்போச்சு, நீ ஏ.பி.என். எடுத்து ஒப்பந்தக்காரனாக வா" என்று சிலர் புதிதாக வந்தவர்களிடம் கேட்கிறார்கள். அப்படிப் போனால் சம்பள லீவு இல்லை, சுகவீன லீவு இல்லை, சுப்பரும் கைநழுவலாம். பேரோல் ரக்ஸோ, சில விலக்குகள் தவிர, ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்துக்கும் உண்டு. உண்மையில் வேலையாளாக இருப்பவரை ஒப்பந்தக்காரர் என்று பொய்யாகக் காட்டுவது 2009ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டப்படி சட்டவிரோதம். ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மனின் இலக்கம் 13 13 94. ஆங்கிலம் தடையென்றால் 131 450க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

சிறு தொழில் தொடங்கும் எம்மவருக்கும் ஒரு சொல். அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று கொம்பனி பிரித்தால் வரி தப்பும் என்று எண்ண வேண்டாம். ஒரே கட்டுப்பாட்டில் உள்ளவற்றைச் சட்டம் ஒன்றாகச் சேர்த்தே கணக்குப் பார்க்கும்.

அடுத்த முறை இடைவேளையில் யாராவது வரிக்கதை சொன்னால், "எந்த வரி? எத்தனை வீதம்? எத்தனை பேருக்கு?" என்று கேட்போம். கணக்குத் தெரிந்த தொழிலாளியை ஏய்ப்பது கடினம்.