கையிருப்பு – 9: வெட்டுக்கு முன்னும் பின்னும்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கு வருடத்தில் ஒரே ஒரு சம்பள நாள்தான். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, கரும்பு லாரி ஏறி, பில் தொகை கணக்கில் விழும் நாள் அது. கரும்பு போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் ஆலை பணம் தந்துவிட வேண்டும் என்கிறது 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. நிலுவை கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்து பழகியவர்களிடம் அந்த 14 நாளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எப்படியானாலும், வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கையில் காசு இருக்காது. பணம் வந்த பிறகு இருக்கும். ஆள் அதே ஆள்தான்.

இந்த 'அதே ஆள்' என்பதை நான்கு ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள்: ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ். அந்தப் பகுதியின் 54 கிராமங்களில் 464 விவசாயிகளை வெட்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் பார்த்துச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். வரிசையாக இருக்கும் வடிவங்களில் விடுபட்டது எது என்று கண்டுபிடிப்பது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் குறும்பானது. '5 5 5' என்று காட்டினால், கண்ணில் படும் ஐந்தை விட்டுவிட்டு, எத்தனை எண் இருக்கிறது என்று எண்ணி 'மூன்று' என்று சொல்ல வேண்டும். வாய் ஐந்துக்குப் போகும். அதை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

முடிவு 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வெட்டுக்குப் பின் அதே விவசாயிகள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள், வேகமாகவும் சொன்னார்கள். பருவத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. ஆலை ஒவ்வொரு வயலுக்கும் வெவ்வேறு சமயத்தில் வெட்டு தருவதால், ஒரே மாதத்தில் ஒருவர் பணம் வாங்கியிருப்பார், பக்கத்துக்காரர் காத்திருப்பார். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின் 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் 99 சதவீதத்திலிருந்து 13-க்கு வந்தார்கள்.

இதற்கு மறுப்புகளும் உண்டு. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. யோசிக்கும் திறனில் அப்படி ஒரு வேறுபாட்டை அது காணவில்லை. இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ ஒருமுறை வரும் சம்பளத்தையும், வருடம் முழுவதும் காத்திருந்து வாங்கும் கரும்புப் பணத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியுமா என்பது என் சந்தேகம். ஆனாலும், 'ஏழையாக இருந்தால் மூளை மழுங்கும்' என்று இதைச் சுருக்கிச் சொல்லும் மேடைப் பேச்சாளர்களை நம்பாதீர்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. தலைக்குள் கவலை இடம் பிடித்துக்கொண்டால் மற்றதற்கு இடம் குறைகிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கணக்குக்கு இதில் என்ன இருக்கிறது? கடனைப் பற்றி வீட்டில் சண்டை வரும்போதெல்லாம், 'எதுக்கு வாங்கினே?' என்றுதான் கேட்கிறோம். 'என்னைக்கு வாங்கினே?' என்று கேட்டுப் பாருங்கள். சென்ற ஒரு வருடத்தில் வைத்த அடகு, கைமாற்று, செயலியில் வாங்கிய கடன் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டில் பெரும்பாலும் அவை 20-ம் தேதிக்கு மேல் வந்து நிற்கும், அல்லது பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில். 'ஊதாரி', 'பொறுப்பில்லாதவன்' என்ற பட்டங்களுக்கு அந்தத் தாளில் வேலை இருக்காது. முடிவு தப்பு என்பதைவிட, அது எடுக்கப்பட்ட நாள் தப்பு என்பது தெரியும். குறையைக் குணத்தில் தேடினால் ஆள் மறைக்க ஆரம்பிப்பார். மறைத்த கடன்தான் குட்டி போடும்.

மாதக் கடைசியில் எவ்வளவு பெரிய கணக்கும் சின்னதாகத் தெரியும் என்பதற்குக் கிரெடிட் கார்டு நல்ல உதாரணம். 40,000 ரூபாய் பாக்கி. 'குறைந்தபட்சத் தொகை 2,000' என்று குறுஞ்செய்தி வருகிறது. அப்பாடா என்று கட்டிவிடுகிறோம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,400 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய். ஆக, கட்டிய 2,000-ல் அசலுக்குப் போனது 348 ரூபாய். ஊர்க் கணக்கில் இது மூன்றரை வட்டி. தெருமுனைக்காரர் மூன்று வட்டி கேட்டால் கொள்ளைக்காரன் என்போம்; ஏ.சி. அறையிலிருந்து வந்தால் அதற்கு ரிவார்டு பாயின்ட் வேறு.

சரி, போனஸ் வந்ததும் எல்லாக் கடனையும் ஒரே அடியாக அடைத்துவிட்டால்? இந்த இடத்தில்தான் சென்னையின் கோயம்பேடு சந்தைக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே காலையில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பும் சிறு வியாபாரிகள் உண்டு. வட்டி நாளுக்கு 5 சதவீதம் வரை போகும். 1,000 ரூபாய்ச் சரக்கை 1,100-க்கு விற்றால் லாபத்தில் பாதி வட்டிக்கே. டீன் கார்லன், அதே செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் இப்படிப்பட்டவர்களின் கடனை முழுக்க அடைத்தே விட்டார்கள். இனி அந்த வட்டி அவர்கள் கையிலேயே நிற்கும், வாழ்க்கை மாறிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். பெரும்பாலோர் 6 வாரத்துக்குள் மறுபடி கடனுக்குள் வந்துவிட்டார்கள்.

அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா என்ன? காய்கறிச் சந்தையில் நிற்பவரைவிட வேகமாக வட்டிக் கணக்குப் போடுபவர் யார்? கடன் போய்விட்டது, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் காய்ச்சல், ஒரு சாவு வீடு, சீர் செய்ய வேண்டிய ஒரு விசேஷம் வந்தால் முதலை எடுத்துத்தான் செலவு செய்ய வேண்டும். மறுநாள் சரக்குக்குப் பழைய ஆளிடமே போக வேண்டும்.

அதனால் நான் சொல்லப்போவது கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. 40,000 போனஸ் வந்தால் முழுவதையும் கார்டில் கட்டாதீர்கள். 32,000 கட்டுங்கள், 8,000 கையிருப்பாக வையுங்கள். மீதி 8,000 பாக்கிக்கு மாதம் 280 ரூபாய் வட்டி, வரியோடு சுமார் 330. சந்தேகமே இல்லாமல் நட்டம்தான். முழுசும் கட்டினால் கார்டில் லிமிட் திரும்பக் கிடைக்குமே, அவசரத்துக்கு அதையே தேய்க்கலாமே என்று கேட்பீர்கள். தேய்க்கலாம். ஆனால், அவசரம் வரும் நாள் எது என்று மேலே எழுதிய தாளில் பார்த்தோம். அந்த நாளில் கையில் கார்டு இருப்பதும் ரொக்கம் இருப்பதும் ஒன்றல்ல. கார்டு மறுபடி 40,000 வரை இழுத்துக்கொண்டு போகும். 8,000 ரொக்கம் 8,000-த்தோடு நின்றுவிடும். நான்கைந்து சம்பளத்தில் அந்தப் பாக்கியையும் தீர்த்துவிடலாம், ஒரே நிபந்தனையோடு: அதுவரை கார்டை வெளியே எடுக்கக் கூடாது. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடைக்காது. முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நாள் தவறாத இன்னொரு ஏற்பாடு: சம்பளம் 1-ம் தேதி என்றால் ஆர்.டி., சீட்டு, பள்ளிக் கட்டணத்துக்கான ஒதுக்கீடு எல்லாம் 2-ம் தேதியே கணக்கிலிருந்து போய்விட வேண்டும். 'மிஞ்சினதைப் போடலாம்' என்பது 28-ம் தேதி ஆளிடம் பொறுப்பை ஒப்படைப்பது.

கையிருப்பை எங்கே வைப்பது? சம்பளம் வரும் கணக்கில் வேண்டாம். யு.பி.ஐ. இணைக்காத வேறொரு கணக்கு போதும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம், வட்டி 4 சதவீதம். நாலு பர்சென்ட்தானா என்று உதடு பிதுக்குகிறவர்கள் மூன்றரை வட்டிக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். ஏ.டி.எம். அட்டை கேட்டு வாங்காதீர்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய், படிவம் எழுதி, வரிசையில் நின்று எடுக்கும்படி இருக்கட்டும்.