காவலன் உடலிலே குடியேறிய கிருமி
உள்ளுறை கிருமிகள் – 7

உயிரணுவுக்கு வெளியே நின்று நஞ்சைக் கக்கும் கிருமிகளைச் சென்ற வாரம் கண்டோம். தன்னை நாசம் செய்ய வரும் காவலனையே வாசஸ்தலமாக்கிக்கொள்ளும் க்ஷயரோகக் கிருமி அவற்றினும் சூக்ஷ்மமான ஜாதியைச் சேர்ந்தது.

பருத்தியையும் பனியனையும் நம்பி வாழும் திருப்பூர் வட்டாரத்தில் இந்நோய் மறைந்து வளர்வதற்கு ஏதுக்கள் பல உண்டு. நூற்பாலைத் தொழிலாளிக்கு இருமல் கண்டால் பழியைப் பஞ்சுத் தூசியின்மேல் சுமத்திவிடுவது எளிது. ஷிப்ட் முடிந்து வந்த ஐந்தாறு பேர் லைன் வீட்டின் ஒரே அறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு உறங்குகையில், ஒருவர் இருமிய நுண்துளிகள் மற்றவர் சுவாசத்தில் கலப்பதும் எளிது.

அவ்வாறு நுரையீரலை அடைந்த கிருமியை மாக்ரோபேஜ் என்னும் காவல் அணு விழுங்கி, ஒரு சிறு பையில் அடைக்கிறது. அப்பைக்குள் அமிலம் ஊறி, செரிமானப் பொருள்கள் நிறைந்த லைசோசோம் அதனோடு இணையுமானால், உள்ளே அகப்பட்ட ஜீவன் கரைந்தொழியும். க்ஷயக் கிருமியோ, தான் சுரக்கும் சில புரதங்களைக் கொண்டே இந்தக் கிரமத்தைக் குலைத்துவிடுகிறது. பி.டி.பி.ஏ. என்னும் புரதம் அமிலத்தை உட்செலுத்தும் பம்பு அப்பையில் வந்து பொருந்தாதபடி தடுக்கிறது. சாப்-எம் என்பது, லைசோசோமை அழைப்பதற்கு அடையாளமாகப் பையின் சவ்வில் அமைந்த ஒரு கொழுப்புப் பொருளின் பாஸ்பேட்டை நீக்கி, அவ்வடையாளத்தையே அழித்துவிடுகிறது. இவற்றுக்கு மேலாக, ஈ.எஸ்.எக்ஸ்-1 என்னும் சுரப்பு அமைப்பின் வழியே வெளிப்படும் ஈசாட்-6, சி.எஃப்.பி-10 என்ற இரட்டைப் புரதங்கள், பையின் சவ்வைச் சிதைத்துக் காவல் அணுவின் உட்புறத்தோடு தொடர்பு கொள்வதற்குத் துணை நிற்கின்றன. கிருமியை ராபர்ட் கோக் உலகுக்கு அறிவித்தது 1882-இல். ஏறக்குறைய 4,000 ஜீன்கள் கொண்ட அதன் மரபுத்தொகுதி முழுமையாக வெளியானதோ 1998-இல்தான்.

இந்த இரட்டைப் புரதங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கிய மாட்டுக் க்ஷயக் கிருமியே பி.சி.ஜி. தடுப்பு மருந்து. அது சாதுவானதற்கு முக்கிய காரணம், ஈசாட்-6-ஐயும் அதன் துணையையும் ஆக்கும் ஜீன் பகுதியை அது இழந்துவிட்டதே என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. குழந்தைகளைக் கடுமையான க்ஷய வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பது உண்மை. ஆயினும் 1968-இல் செங்கற்பட்டுப் பகுதியில் தொடங்கிய மாபெரும் பரிசோதனை, பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்று காட்டிற்று. எனவே நோய்த்தொற்றைக் காலத்தே கண்டறிவது அவசியமாகிறது. பழைய டியூபர்குலின் பரிசோதனையோ தடுப்பூசி பெற்றவரையும் தொற்றுக் கொண்டவரையும் ஐயமறப் பிரித்துக் காட்டுவதில்லை. இவ்விரு புரதங்களையே தோலில் செலுத்தும் புதிய பரிசோதனை, பி.சி.ஜி.யில் அவை இல்லாமையால், அந்தக் குழப்பத்திற்கு இடம் தருவதில்லை. கிருமி தன் பிழைப்புக்குச் செய்துகொண்ட ஆயுதமே அதைக் காட்டிக்கொடுக்கும் சாக்ஷியாகிறது.

இப்பரிசோதனை தொற்றையே சொல்லும். நோயை நிச்சயிக்கச் சளிப் பரிசோதனையும் பிறவும் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைப் பஞ்சின் கணக்கில் எழுதிவிடாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் நன்று; அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒரே அறை வீட்டில் எவ்வாறு குணமாவது என்று அஞ்ச வேண்டுவதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், ஏழைக் குடும்பத்து நோயாளிகளை வீட்டிலும் சானடோரியத்திலும் வைத்து ஒப்பிட்டு, மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் வீட்டிலேயே குணமடையலாம் என்று 1959-இல் உலகுக்கு உணர்த்தியது. இருமல் நின்ற பின்னும் மருந்துக்கு எளிதில் மசியாத கிருமிகள் சில எஞ்சியிருக்கும். ஆகையால் வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையை, கூலி போகிறதென்றோ, ஊருக்குப் போகிறோமென்றோ இடையில் விடுவது, அவற்றுக்கு நாமே அவகாசம் கொடுப்பதாகும்.

நுண்ணிய ஊசி போன்ற கருவியால் தன் புரதங்களை நம் அணுவுக்குள்ளேயே செலுத்தும் டைபாய்டு கிருமியை அடுத்த வாரம் காண்போம்.