தகரப் புகைவண்டி

பண்டங்களுள் சில பயன்பட்டுத் தேய்வன. சில பயன்படாது கிடந்து துருப்பிடிப்பன. சிறுவர் விளையாடும் தகரப் புகைவண்டியோ இவ்விரு வகையாலும் அழிவது. விளையாடும் பருவத்தில் அது சுவரில் மோதியும், படிக்கட்டில் உருண்டும் நசுங்கும். பருவம் கழிந்தபின் பரணிற் சேர்ந்து ஈரத்தால் இற்றுப்போகும். இவ்விரு கேட்டிற்கும் தப்பி நூறாண்டு கடந்து நிற்கும் தகர வண்டிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்னும் உள. அவற்றைத் தேடிச் சேர்ப்பாரும், பழுது நீக்குவாரும், மீண்டும் பாதையில் ஓடவிட்டு மகிழ்வாரும் பலர். அமெரிக்காவில் அவர்கள் 1954ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கம் கண்டனர். இங்கிலாந்தில் ஹார்ன்பி என்னும் பெயருடைய வண்டிகளை மட்டும் போற்றுவோர் 1969இல் தனிச் சங்கம் அமைத்தனர். நரை தோன்றிய மக்கள் பொம்மைக்குச் சங்கம் வைப்பதா என்று நகைத்தல் எளிது. நானும் முதலில் நகைத்தவனே. அவர்கள் செய்யும் வேலையின் நுட்பத்தைக் கேட்டறிந்தபின் அந்நகைப்பு என்னிடம் நிலைக்கவில்லை.

தகரம் என்று நாம் வழங்குவது தனி உலோகம் அன்று. மெல்லிய எஃகுத் தகட்டின் இரு புறமும் வெள்ளீயம் பூசப்பட்டதே தகரம். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் உருக்கித் தடவுவதும் இவ்வெள்ளீயமே. அங்கே அது புளிப்புப் பண்டம் பித்தளையைத் தீண்டாமற் காக்கிறது. இங்கே காற்றும் ஈரமும் எஃகைத் தீண்டாமற் காக்கிறது. தகரம் வெட்டுதற்கு எளிது, மடித்தற்கு எளிது, பற்றாசு வைத்து இணைத்தற்கும் ஏற்றது. விலையோ குறைவு. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொம்மை செய்வோர் மரத்தை விட்டுத் தகரத்தை நாடினர்.

அதன்மேல் வண்ணம் ஏற்றியது எவ்வாறு? முதலில் ஆட்கள் தூரிகை கொண்டு ஒவ்வொன்றாகத் தீட்டினர். பின்னர்க் கல்லச்சு முறை வந்தது. ஆனால் கல்லும் கடினம், தகரமும் கடினம். ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தினால் படம் செவ்வையாகப் பதியாது. இங்கிலாந்தில் இராபர்ட் பார்க்லே என்பார் 1875இல் இதற்கு வழி கண்டார். கல்லுக்கும் தகரத்துக்கும் இடையே நெகிழ்ந்து கொடுக்கும் மேலுறை சுற்றிய உருளை ஒன்றை வைத்தார். கல்லிலுள்ள படம் உருளையில் ஏறும். உருளையிலிருந்து தகரத்தில் இறங்கும். இம்முறையால் சன்னலும், கதவும், கைப்பிடியும், சன்னலினூடே எட்டிப் பார்க்கும் பயணியின் தொப்பியும் தட்டைத் தகட்டிலேயே அச்சாயின. அச்சான தகட்டை அழுத்துபொறி வெட்டி மடித்தது. ஒரு தகட்டின் ஓரத்தில் விட்ட சிறு நாக்கை மற்றொன்றின் பிளவில் நுழைத்து மடக்கினால் இணைப்பு முடிந்தது. இந்த நாக்கைப் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டிவரும்.

தகர வண்டியின் தாயகம் செருமனி. அங்கே கெப்பிங்கன் என்னும் ஊரில் 1859இல் தியோடர் மெர்க்லின் என்பவர் பாவை வீட்டுக்குரிய சிறு பாத்திரங்கள் செய்யும் பட்டறை தொடங்கினார். 1866இல் அவர் இறக்கவே, அவர் மனைவி கரோலின் அதனை விடாது நடத்தி மக்களிடம் ஒப்படைத்தார். அம்மக்கள் 1891இல் லைப்சிக் நகர்ச் சந்தையில் ஒரு புதுமையைக் காட்டினர். எட்டு வடிவில் பாதை. அதன்மேல் சாவி கொடுத்தால் ஓடும் வண்டி. இதில் புதுமை வண்டியில் இல்லை, முறையில் உள்ளது. இன்று எஞ்சினும் இரண்டு பெட்டியும் வாங்கியவன் அடுத்த பிறந்தநாளில் வளைவுப் பாதை வாங்கலாம். அதற்கடுத்து நிலையம் வாங்கலாம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். பாதையின் அகலத்திற்கு 1, 2, 3 என எண்களும் இட்டனர். சில ஆண்டுகளில் இவற்றினும் சிறிய அகலம் ஒன்று வேண்டியதாயிற்று. ஒன்றுக்குக் கீழ் எண் ஏது? சுழியம் என்றே பெயரிட்டனர்! சுழிய அகலம் என்பது தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 32 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் மெய்யான இருப்புப்பாதை பெரும்பாலும் 1435 மில்லிமீட்டர் அகலமுடையது. ஆதலின் பொம்மை அதில் ஏறத்தாழ நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. எண்ணே இல்லாத இவ்வகலந்தான் பிற்காலத்தில் எல்லா அகலங்களையும் வென்று வீடுதோறும் புகுந்தது.

இங்கிலாந்தில் இதனைப் பரப்பியவர் பிராங்க் ஹார்ன்பி. லிவர்பூல் நகரில் இறைச்சி இறக்குமதி செய்யும் வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதி வாழ்ந்தவர். தம் மக்கள் விளையாடத் துளையிட்ட உலோகப் பட்டைகளும் திருகுகளும் செய்து கொடுத்து, 1901இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று உலகறிந்த விளையாட்டுக் கருவி அதுவே. முதல் உலகப்போர் முடிந்தபின் 1920இல் அவர் தகர வண்டி செய்யத் தொடங்கினார். அவருடைய முதல் எஞ்சின்கள் திருகும் மரையும் கொண்டு பூட்டப்பட்டவை. சிறுவன் அதனைக் கழற்றி மீண்டும் பூட்டலாம். உடைந்த உறுப்பை மட்டும் தனியே வாங்கி மாற்றலாம். அக்காலத்துக் கணக்கரின் சிக்கனம் இன்று பழுது பார்ப்போருக்குப் பெருந்துணை ஆயிற்று.

நூரம்பர்க்கில் விளங்கிய பிங் தொழிலகத்தின் கதை துயரமானது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மைத் தொழிலகம் எனப் பெயர் பெற்றது அது. 1930களின் தொடக்கத்தில் கடன் தாங்காது வீழ்ந்தது. அதனை நடத்திய ஸ்டெபான் பிங் 1927இலேயே விலகி வேறொரு பொம்மைத் தொழிலை மேற்கொண்டார். யூதராகப் பிறந்தமையால் நாசி ஆட்சியில் அதனையும் இழந்து இங்கிலாந்து சேர்ந்தார். இன்று பிங் முத்திரை உள்ள ஒரு பெட்டியைக் கையில் எடுப்பவர் அதன் அடியிலுள்ள எழுத்தை முதலில் தேடுவதற்கு விலை மட்டும் காரணம் அன்று.

இனி, பழுது நீக்கும் வகையைப் பார்ப்போம். கையில் கிடைத்தவுடன் கழற்றத் தொடங்குதல் பேதைமை. முன்னே சொன்ன தகர நாக்கு ஒருமுறை மடக்கப்பட்டது. அதனை நிமிர்த்தி மீண்டும் மடக்கினால் இரண்டாம் முறை. மற்றொருமுறை நிமிர்த்தினால் பெரும்பாலும் கையோடு ஒடிந்து வரும். ஆகையால் கழற்றாமல் செய்யத்தக்க வேலை அனைத்தையும் முதலில் செய்வர். மெல்லிய தூரிகையால் தூசு போக்குவர். வெதுவெதுப்பான நீரில் சவர்க்காரம் ஒரு துளி கலந்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்புறத்தில் தொட்டுப் பார்த்து, வண்ணம் கரையவில்லை என்று தெளிந்த பின்பே மேற்புறத்தைத் துடைப்பர். உடனே ஈரத்தை ஒற்றி எடுத்து, மெழுகு தடவி வைப்பர்.

துருவைப்பற்றி ஓர் உண்மை அறியத்தக்கது. துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயத்தின் இயல்பு நேர்மாறானது. பூச்சு முழுதாக இருக்கும் வரையில் நல்ல காவல். ஒரு கீறல் விழுந்து அதில் ஈரமும் சேர்ந்தால், காவலாயிருந்த ஈயமே எஃகு விரைந்து அரிக்கப்படுதற்கு ஏதுவாகும். தகர வண்டியின் துரு விளிம்பிலும் மடிப்பிலும் தொடங்குவது இதனால்தான். மெல்லிய எண்ணெய் இட்டு ஊறவிட்டு, மூங்கிற் குச்சியின் முனையால் துருவை மட்டும் நீவி எடுப்பர். பளபளப்புக்கு ஆசைப்பட்டு உப்புத்தாளைக் கொண்டு தேய்ப்பவன் எஞ்சிய ஈயத்தையும் இழப்பான்.

சாவி வண்டியின் உயிர், அதனுள் இருக்கும் சுருள்வில். சாவியால் முறுக்கப்பட்ட எஃகுப் பட்டை விரிய முயலும்போது பற்சக்கரங்கள் சுழன்று உருளைகளைத் திருப்பும். முறுக்கிய வில் திரும்பி அவிழாதபடி ஒரு தடைப்பல் பிடித்திருக்கும். பொறியைத் திறக்குமுன் வில்லின் முறுக்கு முழுவதும் தீர்ந்ததா என்று பார்த்தல் வேண்டும். இன்றேல் அது சீறிப் பாய்ந்து விரலைக் கிழித்துவிடும். பெரும்பாலான பொறிகளில் வில் கெட்டிருப்பதில்லை. இறுகிப் பசையாகிவிட்ட பழைய எண்ணெயே ஓட்டத்தைத் தடுக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, அச்சு முனை ஒவ்வொன்றிற்கும் ஒரு துளி எண்ணெய் வைத்தால், அறுபது ஆண்டு உறங்கிய பொறியும் ஓசையோடு சுழலக் காணலாம்.

மருந்தில்லாத நோயும் ஒன்று உண்டு. 1920களிலும் 1930களிலும் சக்கரங்களைத் துத்தநாகக் கலவையால் வார்த்தனர். அக்கலவையில் காரீயம் மிகச் சிறிதளவு மாசாகக் கலந்திருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரக்காற்று உலோகத்தின் மணிகளுக்கிடையே புகுந்து அரிக்கும். சக்கரம் வீங்கும், மயிரிழை போல வெடிக்கும், முடிவில் விரலிடையே பொடியாகும். பெட்டியிலிருந்து ஒருமுறையும் வெளியே எடுக்கப்படாத வண்டிக்கும் இது நேரும். புதிதாக வார்த்த சக்கரம் பூட்டுதலன்றி வேறு வழியில்லை. மாற்றியதை மறைக்காது குறித்து வைப்பவரே நல்ல சேகரிப்பாளர் எனப்படுவர்.

வண்ணம் தீட்டுவதில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. வண்ணம் உதிர்ந்த வண்டியைப் புதிதாகத் தீட்டிப் பொலிவு பெறச் செய்க என்பார் ஒருசாரார். உள்ளது உள்ளவாறே இருக்கட்டும் என்பார் மற்றொரு சாரார். என் இளமையில் மாமன் தேர்த் திருவிழாவில் வாங்கித் தந்த தகர மோட்டார் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதன் பக்கங்களில் துரு ஏறக் கண்டு, கதவுக்கு வாங்கி மீந்த பச்சை வண்ணத்தை அதற்குப் பூசினேன். உலர்ந்தபின் பார்த்தால், சன்னலில் அச்சிட்டிருந்த ஓட்டுநரின் முகமும், பின்னிருக்கையில் இருந்த பெண்குழந்தையும் இல்லை. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். பச்சையோடு முகமும் சேர்ந்து வந்தது. பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைப் படிக்கும்போது, செல்லரித்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பியவரைக் காணுந்தோறும் அம்மோட்டாரே நினைவுக்கு வரும். ஆதலால் நான் இரண்டாம் சாராரின் பக்கம். முற்றும் துருவேறி எழுத்தும் படமும் ஒன்றும் எஞ்சாத வண்டியைத் தீட்டலாம், அதனால் இழப்பில்லை. ஒரு சாண் அளவு பழைய வண்ணம் எஞ்சியிருப்பினும் அதனை மூடலாகாது. சந்தையும் இவ்வாறே மதிக்கிறது: புதிதாகத் தீட்டிய வண்டியினும், தேய்ந்தும் முதல் வண்ணத்தோடு நிற்கும் வண்டியே மிகுந்த விலை பெறுகிறது. இதனால் புதுப் பூச்சைப் பழம்பூச்சு என்று விற்போரும் தோன்றியுள்ளனர். பழைய பூச்சில் காரீயம் கலந்திருக்கக் கூடுமாதலின், அவ்வண்டிகளைச் சிறு குழந்தைகள் வாயருகே கொண்டுசெல்ல விடலாகாது.

மின்சாரத்தால் ஓடும் வண்டிகளில் மூன்று தண்டவாளங்கள் காணப்படும். நடுத் தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவரும். எஞ்சினின் அடியிலுள்ள தொடுகாலணி அதனை ஏற்கும். புறத் தண்டவாளங்கள் வழியே அது திரும்பும். தொடக்கத்தில் சில தொழிலகத்தார், இடையே ஒரு விளக்கை மட்டும் தொடுத்து, வீட்டு மின்சாரத்தையே பாதைக்கு விட்டனர். ஹார்ன்பி 1925இல் வெளியிட்ட மெட்ரோபாலிடன் வண்டியும் அவ்வகையினதே. விளக்கு மின்னோட்டத்தின் அளவைக் குறைக்குமேயன்றித் தொட்டவனைக் காவாது. பின்னர் மின்மாற்றி கொண்டு 20 வோல்ட் அளவுக்கு இறக்கினர். இன்று பழைய வண்டியை ஓட்டுவோர் பழைய மின்மாற்றியைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் புதியதையே பயன்படுத்துகின்றனர். பழங்கம்பியின் மேலுறை தொட்டால் உதிர்வது.

1935இல் மெர்க்லினும் 1938இல் ஹார்ன்பியும் சுழிய அகலத்தில் ஏறக்குறையப் பாதியான சிறு வண்டிகளை வெளியிட்டனர். அவை மேசைமேல் அடங்கின. போருக்குப் பின் பிளாஸ்டிக்கும் வந்தது. 1960களில் தகர வண்டி செய்வது பெரும்பாலும் நின்றது.

ஆயினும் சாவி வண்டியை ஓட்டுவதில் உள்ள திறன் மின்வண்டியில் இல்லை. ஹார்ன்பியின் இரண்டடி ஆரமுள்ள வளைவுகளை வட்டமாகப் பூட்டினால் ஒரு சுற்று ஏறத்தாழ 12½ அடி. முழுதும் முறுக்கிய எஞ்சினைத் தனியே விட்டால், வெறிகொண்டாற்போல் பாய்ந்து முதல் வளைவிலேயே கவிழும். பெட்டிகளைப் பூட்டியபின்பே விடுதல் வேண்டும். கனமான பெட்டியை எஞ்சினை ஒட்டியும், இலேசானதைக் கடைசியிலும் பூட்டல் முறை. மாறினால் பின்னுள்ள கனம் வளைவில் இலேசானதை உள்ளே இழுத்துச் சாய்த்துவிடும். முதற் சுற்றில் விரைவு மிகுதி. வில் தளரத் தளர வேகம் குறையும். எத்தனை முறுக்குக் கொடுத்தால் எத்தனை பெட்டியோடு எத்தனை சுற்று வரும் என்று கணித்து, நிலையத்தின் மேடைக்கு நேரே தானாக நிற்கும்படி விடுவதே தேர்ந்தார் ஆட்டம். மேடைக்கு ஒரு சாண் இப்பால் நின்றுவிட்டால் விரலால் தள்ளிவிடுதல் அவர்களிடையே வழக்கம் இல்லை. எல்லாரும் எழுந்து, எப்போதும் முதலில் காணாமற்போகும் உறுப்பாகிய சாவியைத் தேடத் தொடங்குவர்.