சொடுக்கு பால்

கேரம் போர்டில் ஸ்டிரைக்கரைச் சுண்டும் விரலை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சுண்டலில் ஒரு தோல்பந்தை 22 கஜம் தள்ளி நிற்கும் பேட்ஸ்மேனுக்கு வீசினால் அதுதான் 'கேரம் பால்'. சென்னையில் டென்னிஸ் பந்து ஆடும் பையன்கள் வைத்த பெயர் 'சொடுக்கு பால்'. எனக்கு இதுதான் பிடித்த பெயர். விரல் செய்யும் வேலை அதிலேயே இருக்கிறது.

ஒரு டென்னிஸ் பந்தை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, நடுவிரலை மடக்கிப் பந்தின் பின்னால் முட்டுக்கொடுங்கள். கையை விட்டுப் பந்து கிளம்பும் நொடியில் மடங்கிய விரல் சட்டென்று நிமிர வேண்டும். பழகும்வரை பந்து காலடியிலேயே விழும். விரல் நுனி வலிக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? வலதுகை ஆஃப் ஸ்பின்னரின் வழக்கமான பந்து, வலதுகை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே திரும்பும். அவரும் அதற்கேற்பவே மட்டையைக் கொண்டுவருவார். சொடுக்கிய பந்து எதிர்ப்பக்கம் விலகும். விளிம்பில் உரசினால் ஸ்லிப்பில் கேட்ச்.

ஏமாற்றுப் பந்துகளில் இதற்கு மூத்தது கூக்ளி. லெக் ஸ்பின்னர் வெளியே திருப்புவதுபோலக் காட்டி உள்ளே திருப்புவது அது. மேசைமேல் டென்னிஸ் பந்தைக் குத்தி எழும்பவைத்து ஆடும் விளையாட்டிலிருந்து இங்கிலாந்தின் போசன்கெட் அதைக் கண்டெடுத்தார். பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் பிரபலமாக்கிய 'தூஸ்ரா'வுக்கு உருதுவில் 'இரண்டாவது', 'மற்றது' என்று பொருள். ஆஃப் ஸ்பின்னரின் கையிலிருந்து வெளியே போகும் பந்துதான் அதுவும். ஆனால் அதை வீசும்போது முழங்கை 15 டிகிரி வரம்பைத் தாண்டி நிமிர்கிறதா என்ற சந்தேகத்தில் பலர் சிக்கினார்கள். சொடுக்கு பாலில் வேலை முழுக்க விரலுக்குத்தான். முழங்கையை வருத்த வேண்டியதில்லை.

மடக்கிய நடுவிரலை வைத்தே ஆஸ்திரேலியாவின் ஜாக் ஐவர்சன் 1950–51 தொடரில் இங்கிலாந்தைத் திணறடித்தார். பிறகு வெகுகாலம் அந்த வித்தை அரிதாகவே தென்பட்டது. 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில், கராச்சியில், இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 13 ரன் கொடுத்து 6 இந்திய விக்கெட்டுகளைச் சாய்த்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சென்னையின் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் இதைக் கற்ற இந்தியாவின் அஷ்வின், டெஸ்ட் ஆட்டம்வரை கொண்டுபோனார்.

அடுத்தமுறை ஸ்லோமோஷனில் மணிக்கட்டை விட்டுவிட்டு நடுவிரலைப் பாருங்கள். பந்து போன பிறகும் அது நிமிர்ந்தே நிற்கும்.